கரை கூடாத அந்தி

சிப்பித்துறையில் டெக்லாவைப் போலப் பயப்படுகிற பொம்பளை இன்னொருத்தி கிடையாது. இதைச் சொன்னது வேறு யாருமல்ல, அவள் புருஷன் இஞ்ஞாசிதான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பெருமையா எரிச்சலா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரலில் சொல்லுவான்.

பொய்யில்லை. கொடியில் காய்கிற துணி கொஞ்சம் வேகமாகப் படபடத்தால் போதும், டெக்லாவுக்கு இருப்புக் கொள்ளாது. அடுப்பில் கிடப்பதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து கிழக்கே பார்ப்பாள். சாயங்காலம் கோயில் மணி அடித்தும் இஞ்ஞாசியின் வள்ளம் கரைக்கு வரவில்லையென்றால் தீர்ந்தது. செருப்புக்கூடப் போடாமல் மணலில் ஓடுவாள். "ஐயோ, அவுகளக் காணலியே! யாராவது போய்ப் பாருங்களேன்!" என்று அவள் வைக்கிற கூப்பாடு கடைசித் தெருவரைக்கும் கேட்கும்.

ஒருத்தி கரையில் நின்றால் மற்றவள் வீட்டில் இருக்கமாட்டாள். முதலில் எதிர்வீட்டுச் சலேத்து வருவாள், அவள் புருஷன் ராயப்பன்தான் இஞ்ஞாசிக்குக் கூட்டுத் தொழிலாளி. பிறகு இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, கையில் மாவு ஒட்டியபடி ஒருத்தி என்று தெருவே வந்துவிடும். "கரை கூடிட்டு" என்பார்கள் ஊரில். இதற்கு யாரும் சட்டம் போடவில்லை, சங்கத்தில் தீர்மானம் எழுதவில்லை. பொம்பளைகள் அழுவார்கள், ஏசுவார்கள், சீட்டாடிக்கொண்டிருக்கும் ஆம்பிளைகளின் மானத்தை வாங்குவார்கள். கடைசியில் எவனாவது ஒருவன் லுங்கியை உதறிக் கட்டிக்கொண்டு, "இவளுக தொல்லை தாங்க முடியலப்பா" என்று எழுந்து ஒரு வள்ளத்தைத் தள்ளுவான். இன்னும் நாலு பேர் முணுமுணுத்துக்கொண்டே தோள் கொடுப்பார்கள்.

பெரும்பாலும் பாதி வழியிலேயே இஞ்ஞாசி எதிரில் வந்துகொண்டிருப்பான். சில நாட்களில் இஞ்சின் நின்றுபோய், துடுப்பும் உதவாமல், காற்று போன போக்கில் மிதந்துகொண்டிருப்பான். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். எப்படி வந்தாலும் கரையில் ஒரே சிரிப்புதான். "ஏ டெக்லா, இந்தா உன் புருஷன். எண்ணிப் பாத்து வாங்கிக்கோ!" என்று கேலி பண்ணுவார்கள். அவனும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டுத் தூங்கிவிடுவான். அவன் தானாக வந்தானா, இழுத்துக்கொண்டு வந்தார்களா என்பது மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஆனால் டெக்லாவின் உடம்பு தேய்ந்துகொண்டே போனது. வயிற்றில் புண், ராத்திரித் தூக்கம் இல்லை, நாற்பது வயதுக்குள் தலை பாதி நரைத்துவிட்டது. அதையாவது தாங்கிக்கொள்ளலாம். பத்தாவது படிக்கிற மகள் ஜெனிட்டாவுக்கும் அது தொற்றிக்கொண்டதுதான் பொறுக்கவில்லை. காற்றடிக்கிற நாளில் அந்தப் பிள்ளை வகுப்பிலேயே வாந்தி எடுத்தது. டாக்டர் குடலில் ஒன்றுமில்லை என்றார். "வீட்ல யாராவது ரொம்பப் பயப்படுவாங்களா?" என்று கேட்டார். டெக்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த வருஷம்தான் 'தெளிவு' வந்தது.

கொண்டுவந்தவள் மீனலோசனி. மதுரைக்காரி, மனநல ஆலோசகர், முப்பது வயசு இருக்கும். கடற்கரை ஊர்களுக்கென்று ஒரு தொண்டு அமைப்பு அனுப்பியிருந்தது. கோயில் மண்டபத்தில் பொம்பளைகளைக் கூட்டி உட்காரவைத்து, உள்ளங்கையில் ஒரு சின்ன வில்லையைக் காட்டினாள். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற வில்லை, அதன் பெயர்தான் 'தெளிவு'. ஸ்டிக்கர் பொட்டைவிடக் கொஞ்சம் பெரியது.

"நமக்கு ஒரு எண்ணம் வருது," என்றாள். "வீட்டுக்காரர் வரலை, ஏதோ ஆயிடுச்சுன்னு. வந்த உடனே அதை உண்மைன்னு நம்பிடுறோம். நெஞ்சு அடிச்சுக்குது, கை வேர்க்குது. இவ்ளோ அடிச்சுக்குதே, அப்ப உண்மையாத்தான் இருக்கும்னு இன்னும் நம்புறோம். அது இன்னும் அடிச்சுக்குது. செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கோம். இதை ஒரு இடத்துல நிறுத்தணும். எண்ணத்தைப் பிடிச்சு நிறுத்தி, நீ சொல்றதுக்கு என்ன ஆதாரம்னு கேக்கணும்."

"அதை நீங்க கேப்பியளா, இது கேக்குமா?" என்றாள் ஒருத்தி.

"எங்களை மாதிரி ஆளுங்க எதிர்ல உட்கார்ந்து கேப்போம். பல வருஷமா நடக்குற வைத்தியந்தான். ஆனா உங்க ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நாள் முழுக்க ஒரு ஆளை உட்கார வைக்க முடியாதுல்ல? இது உங்க நாடித்துடிப்பைப் பார்க்கும். பயம் கிளம்புற நேரம் தெரிஞ்சுக்கும். உடனே கேள்வி கேக்கும். அவ்வளவுதான்."

"எங்க மாமியாளும் நாள் முழுக்க அதத்தான் செய்யுதா," என்றாள் சலேத்து. மண்டபம் சிரித்தது. மீனலோசனியும் வாய்விட்டுச் சிரித்தாள்.

டெக்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எண்ணம் நெசமாவே இருந்தா?" என்று கேட்டாள்.

"நல்ல கேள்விக்கா. நெசமான ஆபத்துன்னா ஆதாரம் இருக்கும். வானிலை, படகுல இருக்குற சிக்னல் பெட்டி, எல்லாத்தையும் இது பார்த்துக்கிட்டே இருக்கும். ஆபத்து இருந்தா உங்களுக்கு முன்னாடி இது சொல்லிடும்."

அன்று சாயங்காலம் அதை ஒட்டிவிட்டது இஞ்ஞாசிதான். அவள் கூந்தலை ஒதுக்கி, மீன் வாடை போகாத விரலால் காதுக்குப் பின்னால் அழுத்தினான். "ஏட்டி, நீ கரையில நின்னு கத்துறது எனக்குக் கடல்ல கேக்குது தெரியுமா? வலையை இழுக்கும்போதே கை பரபரங்குது. நீ நல்லாத் தூங்கு. நான் வந்துருவேன்."

"வராட்டா?"

"வராம எங்க போவேன்? உன் சமையலுக்கு வேற எவன் மாட்டுவான்?"

அவள் அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். ஜெனிட்டா பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அதைப் போட்டுக்கொள்ளலாம் என்று டெக்லாவுக்குத் தோன்றியது.

முதல் வாரம் நரகம். வில்லையின் குரல் வெளியூர்க்காரப் பெண்ணுடையதாக இருந்தது, செய்தி வாசிக்கிற மாதிரி நிதானமாகப் பேசியது. "டெக்லா, உங்கள் நெஞ்சு வேகமாகத் துடிக்கிறது. இப்போது என்ன எண்ணம் ஓடுகிறது?"

"மணி அடிச்சிட்டு. அவுகளக் காணல."

"அதனால் என்ன ஆகிவிட்டதாக எண்ணம்?"

"வள்ளம் கவுந்துட்டு."

"அதற்கு என்ன ஆதாரம்?"

"எம் மனசு சொல்லுது."

"மனம் இதற்கு முன்பும் அப்படிச் சொல்லியிருக்கிறதா? அப்போது என்ன நடந்தது?"

அவள் யோசித்தாள். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவன் வந்திருக்கிறான். "வந்துட்டாவ," என்றாள், கொஞ்சம் வெட்கமாக.

"பத்திரமாக வந்தாரா?"

"பத்திரமாத்தான் வந்தாவ."

"இன்று ஒரு சோதனை செய்து பார்ப்போமா? கரைக்குப் போகாமல் வீட்டிலேயே இருங்கள். நீங்கள் பயப்படுவது நடக்கிறதா என்று பார்ப்போம்."

முந்தானையைக் கடித்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றாள். இருட்டுவதற்குள் இஞ்ஞாசி வந்தான், தோளில் வலையோடு. வீட்டில் பொண்டாட்டியைப் பார்த்ததும் அப்படியே அசந்துபோய் நின்றான். "ஏ ஜெனிட்டா! உங்கம்மா வீட்ல இருக்கா! கனவா?" என்று கத்தினான்.

"நீங்கள் பயந்தது நடந்ததா?" என்று குரல் கேட்டது.

"இல்ல."

"குறித்துக்கொள்ளலாமா?"

"குறிச்சுக்கோ."

அப்படிக் குறித்துக் குறித்தே பயம் குறைந்தது. சும்மா சொல்லக்கூடாது, அது நல்ல வைத்தியம்தான். டெக்லா தூங்கினாள். வயிற்றுப்புண் ஆறியது, கன்னம் கொஞ்சம் பூசினாற்போல ஆனது. ஜெனிட்டாவுக்கு வாந்தி நின்றது, கணக்கில் நல்ல மார்க் வாங்கினாள். ஒருநாள் இஞ்ஞாசி கடலில் இருக்கும்போதே டெக்லாவும் சலேத்தும் தூத்துக்குடிக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தார்கள். பஸ்ஸில் வரும்போது, "இத்தனை வருசம் இப்படி ஒரு சந்தோசம் இருக்குன்னே தெரியாமப் போச்சே யக்கா" என்று சலேத்து சொன்னாள். அவள் காதுக்குப் பின்னாலும் வில்லை இருந்தது. ஊரில் முக்கால்வாசிப் பேர் போட்டிருந்தார்கள்.

ஆம்பிளைகளுக்கும் கொண்டாட்டம். ஆட்டம் கலையாமல் சீட்டாட முடிந்தது. சாயங்காலம் கரையில் காக்காயும் நாயும்தான் நின்றன. பாதிரியார்கூடப் பூசையில், ஊர் அமைதியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார். ஏதோ ஒன்று குறைகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. கூப்பாடு குறைந்தால் யாருக்குத்தான் வருத்தம் வரும்?

அந்தச் சிக்னல் பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒவ்வொரு வள்ளத்திலும் ஒன்று பொருத்தியிருந்தது. வள்ளம் எங்கே நிற்கிறது என்று கரையில் எல்லாருக்கும் தெரியும். அதுதான் வினை. நல்ல மீன் கிடைக்கிற இடம் அடுத்தவனுக்குத் தெரிந்தால் மறுநாள் அங்கே பத்து வள்ளம் நிற்கும். அதனால் மீன் பட்டதும் பெட்டியை அணைத்துவிடுவார்கள். இஞ்ஞாசி அதில் கில்லாடி. சிக்னல் நின்றுவிட்டால் வீட்டில் பொம்பளைகள், "நல்ல பாடு போல, மீன் அள்ளுதாவ" என்று குழம்புக்கு மசாலா அரைக்கத் தொடங்குவார்கள். வில்லையும் அதைக் கற்றுக்கொண்டது. சிக்னல் நின்ற நாட்களில் எல்லாம் என்ன நடந்தது என்று கேட்கும். நிறைய மீனோடு வந்தாவ என்று டெக்லா சொல்லுவாள்.

ஆடி மாதம். கச்சான் காற்று, கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற மேல்காற்று. தடை ஒன்றும் போடவில்லை, கவனமாகப் போகச் சொல்லியிருந்தார்கள். இஞ்ஞாசி கிளம்பும்போது, "கருவாட்டுக் குழம்பு வை. கத்திரிக்கா போட்டு" என்றான். ராயப்பன் வாசலில் நின்று, "அண்ணே, வாங்க, மதினிகிட்ட அப்புறம் கொஞ்சலாம்" என்று அவசரப்படுத்தினான்.

மத்தியானத்தோடு சிக்னல் நின்றது. நல்ல பாடு போல என்று டெக்லா நினைத்தாள். குழம்பு வைத்தாள்.

கோயில் மணி அடித்தது. கொடியில் துணி படபடத்தது. பயம் கிளம்பியது. ரொம்ப நாளாக இல்லாத மாதிரி, பழைய மாதிரி.

"டெக்லா, என்ன எண்ணம் ஓடுகிறது?"

"அவுகளக் காணல. காத்து சரியில்ல."

"காற்றின் வேகம் எச்சரிக்கை அளவுக்குக் கீழே இருக்கிறது. வேறு ஆதாரம் உண்டா?"

"சிக்னல் இல்ல."

"சிக்னல் நின்ற நாட்களில் இதுவரை என்ன நடந்தது?"

"வந்துட்டாவ."

"ஒரு நாளாவது வராமல் இருந்தாரா?"

"இல்ல."

"உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள்?"

டெக்லா வாசலுக்கு வந்தாள். எதிரே சலேத்து முறத்தை மடியில் வைத்து அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷனும் அதே வள்ளத்தில்தான்.

"சலேத்து, வந்துட்டாவளா?"

சலேத்து நிமிர்ந்து டெக்லாவின் முகத்தைப் பார்த்தாள். பதற்றம் இல்லாத முகம். ஊரிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி இப்படி நிதானமாகக் கேட்கிறாள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. "இன்னும் இல்லக்கா. பெட்டிய அணைச்சுப் போட்டிருப்பாவ. அள்ளிட்டு வாராவளோ என்னமோ."

டெக்லா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். அதுவும் பதறவில்லை.

"அவ சும்மாதான் இருக்கா," என்றாள் வில்லையிடம்.

"அதையும் எதிர்ப்பக்க ஆதாரமாகச் சேர்த்துக்கொள்ளலாமா?"

அவள் செருப்பை உதறிவிட்டுத் தெரு தாண்டி மணலில் கால் வைத்தாள். கரை வெறிச்சென்று கிடந்தது. கடல் பக்கம் பார்த்தாள். காற்று முதுகில் தள்ளியது. இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் கத்தியிருப்பாள். சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்து, "என்ன டெக்லா, பழைய வியாதி திரும்பிட்டா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"பயம் வந்தும் நீங்கள் நிதானமாக இருக்கிறீர்கள்," என்றது குரல். "வீட்டுக்குத் திரும்பிப் போய் ஏதாவது ஒரு வேலை செய்யுங்கள். பயம் தானாக இறங்கும்."

திரும்பிப் போனாள். பாத்திரம் துலக்கினாள். பயம் தானாக இறங்கியது. ஜெனிட்டாவுக்குச் சோறு போட்டுத் தானும் தின்றாள். படுத்தாள், தூங்கினாள். நல்ல தூக்கம், கனவுகூட வரவில்லை. அந்தத் தூக்கத்தைப் பற்றிப் பிற்பாடு அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

காலையில் கருவாட்டுக் குழம்பு தொடாமல் ஆடை படிந்து கிடந்தது. ஐஸ் வண்டிக்காரன் வந்து, "இஞ்ஞாசி அண்ணன் வள்ளம் எங்க, ஐஸ் இறக்கவா?" என்று கேட்டான். டெக்லா சட்டியைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். "டெக்லா, உங்கள் நெஞ்சு..." என்று குரல் ஆரம்பிப்பதற்குள் அவள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். கை தானாகக் காதுக்குப் பின்னால் போய் வில்லையைப் பிய்த்தது.

அப்புறம் கரை கூடியது. கூடாமல் இருக்குமா? கிடந்த வள்ளம் அத்தனையும் இறங்கியது. அதிகாரிகள் வந்தார்கள், கப்பல் போனது, மேலே விமானம் சுற்றியது. சீட்டாடிய ஆம்பிளைகள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கடலில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே திரிந்தார்கள். மறுநாள் சாயங்காலம் தெற்கே இன்னொரு ஊர்க்காரர்கள் ராயப்பனை மட்டும் கொண்டுவந்து சேர்த்தார்கள். உப்பில் வெந்து தோல் உரிந்திருந்தது, கண் திறக்க முடியவில்லை. இஞ்ஞாசி கிடைக்கவே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ராயப்பனின் கட்டிலருகே டெக்லா உட்கார்ந்தாள். சலேத்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திரும்பி வரும்போது, கரைக்குக் கிட்ட இஞ்சின் நின்னுட்டு மதினி. அணைச்சு வச்ச பெட்டியப் போடலாம்னு பாத்தா அதுக்குள்ள ஒரு அலை தூக்கிப் போட்டுட்டு. வள்ளம் கவுந்துட்டு. இஞ்சின் அண்ணன் கால்ல விழுந்துட்டு. ரெண்டு பேரும் வள்ளத்தப் புடிச்சுக்கிட்டுக் கிடந்தோம்."

"எங்க?"

"கோயில் மணி கேட்டுச்சு மதினி."

டெக்லாவுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"மேல்காத்துல்லா, சத்தத்தக் கொண்டாந்துட்டு. அவ்வளவு கிட்டத்துலதான் கிடந்தோம். நாங்க கத்துனது கரைக்கு வராது. அண்ணன் சிரிச்சாரு. 'பயப்படாதல, மணி அடிச்சிட்டு. உங்க மதினி இந்நேரம் கரையக் கூட்டியிருப்பா. சீட்டுக்கட்டப் புடுங்கி எறிஞ்சிருப்பா. இன்னும் கொஞ்சத்துல விளக்கு தெரியும் பாரு'ன்னாரு. ரெண்டு பேரும் விளக்கப் பாத்துக்கிட்டே கிடந்தோம். காத்து இழுத்துட்டுப் போயிட்டு."

"அப்புறம்?"

"அப்புறம் கை நழுவிட்டு மதினி," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

சடலம் இல்லாத அடக்கம் நடந்தது. கோயிலில் அவன் சட்டை ஒன்றை வைத்து மந்திரித்தார்கள். அதற்கடுத்த வாரம் மீனலோசனி வந்தாள். நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று தரையில், டெக்லாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அன்னைக்கு நடந்த பேச்சு மொத்தத்தையும் எடுத்துப் பார்த்தோம்கா. வில்லை தப்பா எதுவும் கேக்கலைன்னு சொல்றாங்க. முறைப்படிதான் கேட்டிருக்கு. ஆனா எங்கயோ தப்பு இருக்கு. எனக்குத் தெரியலைக்கா. எங்கன்னு தெரியலை."

டெக்லா பேசினாள். குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"அது ஒரே கேள்வியத்தான் மாத்தி மாத்திக் கேட்டுச்சு தாயி. இதுக்கு முன்ன பயந்தியே, நடந்துச்சான்னு. நடக்கலன்னு சொன்னேன். நெசந்தான், நடக்கல. ஏன் நடக்கலன்னு அது கேக்கல. நானும் நெனச்சுப் பாக்கல. நாங்க கத்துனோம், அதனால நடக்கல. கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாவளே, அன்னைக்கும் பத்திரமா வந்தாவன்னுதானே நானே குறிச்சுக்கச் சொன்னேன்?"

மீனலோசனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கேள்வி அதுல இல்லக்கா," என்றாள். "கேக்கணும்னு எனக்கும் தோணலை. பயத்தை வியாதியா மட்டுந்தான் பார்த்தேன். அது இங்க ஒரு வேலையும் பார்த்துக்கிட்டிருந்திருக்கு. தனியா ஒருத்தியோட மனசைப் பார்த்தேன், கரையைப் பார்க்கலை."

"உன்மேல குத்தமில்ல. எம்புள்ள சோறு தின்னு தெம்பாப் பள்ளிக்கூடம் போனாளே, அத நான் மறக்கல. அழாத. காப்பி குடிக்கியா?"

மீனலோசனி அதற்குத்தான் ரொம்ப அழுதாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு ராயப்பன் வந்தான். தோல் ஆறிக்கொண்டிருந்தது. வாசல்படியில் நின்றவன் உள்ளே வரவில்லை.

"மதினி, அன்னைக்கு நான் முழுசாச் சொல்லல. சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். தூங்க முடியல."

"சொல்லு."

"மறுநா விடியும்போது அண்ணன் சிரிச்சாரு. 'ஏல ராயப்பா, அவ வரமாட்டால. அவ காதுல அத ஒட்டிவிட்டதே நாந்தானே. நல்லாத் தூங்கிட்டிருப்பா'ன்னாரு. எனக்கு அழுகை வந்துட்டு. 'அழாதல, தூங்கட்டும். எத்தனை வருசம் தூங்காமக் கிடந்தா, பாவம்'னாரு." ராயப்பன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். "அதுவரைக்கும் நல்லாத்தான் புடிச்சிருந்தாரு மதினி. கை நழுவல. விட்டுட்டாரு."

அவன் போன பிறகு டெக்லா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சுக்குள் யாரோ கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. மூச்சு விட முடியவில்லை. மாடத்தில் கிடந்த வில்லையை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒட்டினாள். ஏன் ஒட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பேச வேறு யாரும் இல்லை.

"டெக்லா, வெகுநாள் ஆயிற்று. உங்கள் நெஞ்சு மிக வேகமாகத் துடிக்கிறது. என்ன எண்ணம் ஓடுகிறது?"

"நான் கரைக்குப் போயிருந்தா அவுக உசுரோட இருந்திருப்பாவ."

"இது மிகவும் வேதனையான எண்ணம். இதற்கு எதிரான ஆதாரம் ஏதாவது இருக்கிறதா?"

"இல்ல." பிறகு, "தூங்கட்டும்னு சொன்னாவளாம்," என்றாள்.

"அப்படியென்றால் அவர் உங்கள்மேல் குறை சொல்லவில்லை. நீங்கள் நிம்மதியாக இருக்கவேண்டும் என்றே நினைத்திருக்கிறார். இது வலுவான ஆதாரம். மூச்சை மெதுவாக விடுங்கள். இப்போது பாரம் கொஞ்சம் குறைகிறதா?"

குறைந்தது. அதுதான் கொடுமை. கல் நகர்ந்து, மூச்சு இறங்கியது, தோள் தளர்ந்தது. அந்த வில்லைக்கு வேலை தெரியும், எப்போதும் போல நன்றாகத்தான் செய்தது. இன்னும் நாலு கேள்வி கேட்டால் இந்தப் பாரம் முழுக்க இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. இறங்கிவிட்டால் அவனும் போய்விடுவான். கடலில் விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தவன், அவள் வருவாள் என்று நம்பிக் கிடந்தவன், அவனுக்கென்று அவளிடம் மிச்சமிருப்பது இந்த வலி ஒன்றுதான். "வேண்டாம்," என்றாள். "இது எனக்கு இருக்கட்டும்." வில்லையைப் பிய்த்து ஒரு துணியில் முடிந்தாள், மீனலோசனியிடம் திருப்பிக் கொடுப்பதற்காக.

கோயில் மணி அடித்தது.

கொடியில் துணி படபடத்தது. டெக்லா வாசலுக்கு வந்தாள். தனிஸ்லாஸின் வள்ளம் நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. போன சித்திரையில் கல்யாணமான பையன். அவன் பெண்டாட்டி வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தாள், காதுக்குப் பின்னால் வில்லையோடு, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

டெக்லா செருப்பில்லாமல் மணலில் நடந்தாள். நீர் விளிம்புக்குப் போய் நின்றாள். முதலில் குரல் வரவில்லை, பழக்கம் விட்டுப்போயிருந்தது. தொண்டையைச் செருமினாள். பிறகு வந்தது.

"ஐயோ! தனிஸ்லாஸைக் காணலியே! யாராவது போய்ப் பாருங்களேன்!"

எதிர்வீட்டிலிருந்து சலேத்து ஓடிவந்தாள். அவள் காதும் வெறுமையாக இருந்தது. அப்புறம் ஒருத்தி, இன்னொருத்தி. பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்ணும் நூலோடு எழுந்து வந்து, ஏன் வந்தோம் என்று தெரியாமல் நின்றாள். சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் எவனும் சிரிக்கவில்லை. டெக்லா இரண்டாம் தடவை கத்துவதற்குள் வள்ளத்தைத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

அது அலையைத் தாண்டுவதற்குள் எதிரே வெளிச்சம் தெரிந்தது. தனிஸ்லாஸ் வந்தான். இறங்கியதும் கூட்டத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "என்னக்கா இது? நல்ல பாடு, கொஞ்சம் நேரமாயிட்டு. அதுக்குள்ள ஊரையே கூட்டிட்டியளே! நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"வந்துட்டியா," என்றாள் டெக்லா. "சரி, போ. போய்ச் சோறு தின்னு."

எல்லாரும் கலைந்தார்கள். சலேத்து மட்டும் பக்கத்தில் உட்கார்ந்தாள். டெக்லா ஈரமணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இந்தத் தடவையும் அவள் பயந்தது நடக்கவில்லை.